ஒருத்தருக்கும் வருத்தம் இல்லை, மெச் பாக்கத்தான் போறம்

கிளிநொச்சியில நிண்டுகொண்டு "கொழும்புக்குப் போறன்" எண்டு சொல்லிப் பாருங்கோ. கேக்கிறவரின்ர முகம் உடன மாறும். "ஏன், ஆருக்குச் சுகமில்லை?" எண்டுதான் முதல் கேள்வி வரும். ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை எண்டால், "அப்ப விசா அலுவலோ?" அதுவும் இல்லையெண்டால், "வெளியில இருந்து ஆரும் வருகினமோ, கட்டுநாயக்காவுக்கோ?" இது மூண்டும் இல்லை, பள்ளிக்கூடப் பெடியளின்ர புட்போல் மெச் பாக்கப் போறம் எண்டு நான் சொன்னாப்போல, எங்கட சந்திக் கடைக்கார அண்ணை தேத்தண்ணி ஆத்திறதை நிப்பாட்டிப்போட்டு, "மெச்சுக்கோ? கொழும்புக்கோ?" எண்டு ரண்டாப் பிரிச்சுக் கேட்டார்.

அவரில பிழை சொல்ல ஏலாது. எங்கட ஆக்கள் கொழும்புக்குப் போன கணக்கை எடுத்தால், சந்தோசத்துக்குப் போன பயணம் எண்டு ஒண்டும் தேறாது. மகரகம ஆஸ்பத்திரிக்குக் கட்டி காட்டப் போனது. எம்பசி வாசலில பைலோட வெயிலுக்க நிண்டது. காணாமல் ஆக்கப்பட்ட மகன்ர படத்தைப் பிடிச்சுக்கொண்டு ஆர்ப்பாட்டத்துக்குப் போனது. இதுகளுக்கு முந்தின காலம் எண்டால் கதையே வேற. போறதுக்குப் பாஸ் எடுக்கவேணும், வாறதுக்கும் விளக்கம் சொல்லவேணும். 2002 ஏப்ரலில ஏ9 பாதை திறந்தாப்பிறகு ஓமந்தையில பஸ்ஸால இறங்கி, பையைக் கிண்டக் குடுத்து, நடந்து மற்றப் பக்கம் போய் ஏறினம். 2006 ஓகஸ்டில அந்தப் பாதையும் பூட்டுப்பட்டுது.

அதால கொழும்பு எங்களுக்குத் தெரியாத ஊர் எண்டு சொன்னால் சிரிக்காதேங்கோ. பலதரம் போய்வந்தவனுக்கும் அது தெரியாத ஊர்தான். புறக்கோட்டை பஸ் ஸ்ராண்ட் தெரியும், காலி வீதி தெரியும், வெள்ளவத்தையில ஆரோ ஒரு சொந்தக்காரரின்ர பிளட் தெரியும். அலுவல் முடிஞ்ச உடன அடுத்த பஸ்ஸில ஏறி ஊருக்கு வந்திடுவம். ஒரு கிரவுண்ட் எங்கை இருக்குது, அதுக்குப் பக்கத்தில என்ன சாப்பிடலாம், பின்னேரம் எங்கை போய் இருக்கலாம் எண்டு ஒருநாளும் விசாரிச்சதில்லை. விசாரிக்கத் தேவையும் வரேல்லை. இப்ப வந்திருக்குது.

விசயம் இதுதான். எங்கட பள்ளிக்கூடத்தின்ர பதினாறு வயசுக்குட்பட்ட அணி கோட்டம் தாண்டி, வலயம் தாண்டி, மாகாணத்திலயும் தப்பி, தேசிய மட்டத்துக்கு வந்திருக்குது. பள்ளிக்கூடத்தின்ர பேரை எழுதேல்லை. பெடியள் இதை வாசிச்சால் தலை வீங்கிப்போடும் எண்டு அணியைப் பழக்கிற மாஸ்டர் கண்டிப்பாச் சொல்லிப்போட்டார். பழைய மாணவர் நாங்கள் ஒரு ஹயஸ் வான் பிடிச்சுப் போறதெண்டு முடிவு. பயணத்தை ஒழுங்கு செய்யிற பொறுப்பு என்ர தலையில விழுந்திட்டுது.

வடக்கில புட்போல் எண்டால் ஆர் பெரிய ஆள் எண்டு எல்லாருக்கும் தெரியும். இளவாலை ஹென்றியரசர், யாழ்ப்பாணம் பத்திரிசியார். பெண்பிள்ளையள் எண்டால் தெல்லிப்பழை மகாஜனா. கொழும்புப் பக்கம் எண்டால் மருதானை ஸாஹிரா, ஹமீட் அல் ஹுசைனி, சென் ஜோசப். இந்தப் பேருகளுக்கு நடுவில கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பள்ளிக்கூடம் ஒண்டின்ர பேர் வாறது இன்னும் அதிசயமாத்தான் இருக்குது. விளையாட்டுக் குறைவெண்டு இல்லை. முல்லைத்தீவுக் கரையோரத்தில பின்னேரம் போய்ப் பாருங்கோ, வலை இழுத்து முடிச்ச கையோட மணலுக்க பந்து உருளும். அந்த மணலில ஓடிப் பழகின காலுக்குப் புல்லுத் தரை பஞ்சு. குறையிறது வேற இடத்தில. அதைத்தான் எழுதப்போறன்.

தேசிய மட்டப் போட்டி எண்டால் கனதரம் கொழும்புப் பக்கம்தான். அங்கத்தைப் பெடியன் காலமை வீட்டில சாப்பிட்டு, அப்பாவின்ர மோட்டச்சைக்கிளில வந்து கிரவுண்டில இறங்குவான். எங்கட பெடியன் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல இரவிரவா இருந்துகொண்டு வந்து இறங்குவான். கொஞ்ச வருசத்துக்கு முன்னம் எங்கட அணி ஒண்டு இப்பிடித்தான் போனது. இரவு பஸ். விடியப்புறம் அஞ்சு மணிக்கு இறங்கினவை. பஸ் ஸ்ராண்ட் பைப்பில முகம் கழுவி, பாணும் சம்பலும் சாப்பிட்டு, காலமை மெச்சுக்கு இறங்கினவை. முதல் பாதியில ரண்டு கோல். அதில ஒண்டு எங்கட டிபென்ஸ்காரன் நிண்ட நிலையில பாத்துக்கொண்டிருக்க அடிச்சது. அவன் பிறகு சொன்னான், "சேர், பந்து வாறது தெரிஞ்சது, கால்தான் பஸ்ஸுக்குள்ள இருந்தது." திறமை காணாது எண்டு ஊரில கதைச்சினம். எனக்கெண்டால் அந்த மெச் ஓமந்தைக்கும் புத்தளத்துக்கும் இடையிலயே தோத்தது எண்டுதான் படுது.

அதால இந்தமுறை நான் மாஸ்டரிட்ட போய் ஒரே ஒரு விசயம்தான் கேட்டன்: பிள்ளையள் முதல்நாள் காலமை வெளிக்கிடவேணும், இரவு ஒழுங்கான இடத்தில படுக்கவேணும். மாஸ்டர் தலையைச் சொறிஞ்சார். "அண்ணை, ஒரு நாள் கூடினால் சாப்பாடு, படுக்கை எல்லாம் கூடும். வாற காசு பஸ்ஸுக்கே காணாது." சரி, அந்த ஒரு இரவுக் காசை நாங்கள் பாக்கிறம் எண்டு சொல்லிப்போட்டு வந்தன். வெளிநாட்டில இருக்கிற பழைய மாணவர் கோப்பை வாங்கித் தருகினம், ரீசேட் அடிச்சுத் தருகினம், ரீசேட்டில தங்கட பேரும் போடுகினம். ஒரு நல்ல மெத்தையில பிள்ளை எட்டு மணித்தியாலம் நித்திரை கொள்ளுறதுக்குக் காசு தாங்கோ எண்டால் ஒரு மாதிரிப் பாக்கினம். மெத்தையில பேர் அடிக்க ஏலாதுதானே. ஆனாலும் சுவிஸில இருக்கிற ஒரு பெடியன் உடன அனுப்பினான். அவன் முந்தி எங்களோட ரைற் அவுட் விளையாடினவன்.

இனிப் பயணம். றெயினா, பஸ்ஸா, வானா எண்டு வட்ஸ்அப்பில நடந்த சண்டையை எழுதினால் தனிப் புத்தகம் வரும். றெயின் கட்சிக்காரர் கனபேர். அதுக்குக் காரணம் இருக்குது. யாழ்தேவி 1956 ஏப்ரலில ஓடத் தொடங்கின றெயின். 1990இல எங்கட பக்கம் ஓடாமல் நிண்டது. தண்டவாளத்தைக் கழட்டிப் பங்கருக்குப் போட்டதை எங்கட வயசுக்காரர் எல்லாரும் கண்டிருக்கிறம். திரும்பக் கிளிநொச்சிக்கு வந்தது 2013 செப்டெம்பரில, யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்ரோபரில. அதால றெயினில போறதெண்டால் எங்கட ஆக்களுக்கு இப்பவும் ஒரு ஆசை. பிள்ளையளுக்கும் நல்லது, காலை நீட்டலாம், எழும்பி நடக்கலாம், கக்கூசுக்குப் போகலாம். ஆனா ஒரு அணிக்கு ஒரே பெட்டியில சீற் வேணுமெண்டால் ஒரு மாதத்துக்கு முன்னமே புக் பண்ணவேணும். மெச் எப்ப எண்ட அறிவித்தல் எங்களுக்கு ஒரு மாதத்துக்கு முன்னம் வருமோ? வந்தால் நான் முறிகண்டியில நூறு தேங்காய் உடைக்கிறன்.

கடைசியில பிள்ளையளுக்கு இ.போ.ச. பஸ் ஒண்டு ஹயருக்கு, எங்களுக்கு ஹயஸ் வான். வான் சாரதி அண்ணையோட கதைக்கப் போனன். ஏ9இல ஓடி ஓடித் தேஞ்ச மனுசன். நான் கூகிள் மப்பைக் காட்டிக் கதைக்க, அவர் போனை எட்டியும் பாக்கேல்லை.

"தம்பி, எத்தினை மணிக்கு வெளிக்கிடுறியள்?"

"பிள்ளையள் முதல்நாள் காலமை பஸ்ஸில போயிடுவினம். வான் இரவு பத்துக்கு வெளிக்கிட்டா விடிய நிப்பம்தானே அண்ணை?"

"நிப்பம். மாட்டில அடிபடாமல், ஆனையில முட்டாமல் போனால் நிப்பம்."

அவர் சொல்லுறது மிகையில்லை. இரவில வன்னிக்குள்ள ஏ9இல கட்டாக்காலி மாடுகள் தாருக்கு மேல படுத்துக் கிடக்கும்; பகல் முழுக்கக் காஞ்ச தார் இரவில சூடாக் கிடக்கிறதால அதுகளுக்குச் சுகம். கறுத்த மாடு எண்டால் லைற் வெளிச்சத்தில கண் மினுங்கினால்தான் தெரியும். புளியங்குளம், ஓமந்தைப் பக்கத்துக் காட்டுக்குள்ள இருந்து ஆனை வெளிக்கிடும். அதைத் தாண்டி அனுராதபுரத்தால புத்தளம் போற பாதையும் ஆனைப் பாதைதான். அண்ணையின்ர தீர்ப்பு: விடியக் காலமை நாலு மணிக்கு வெளிக்கிட்டு, வெளிச்சத்தோட வவுனியா தாண்டி, மதவாச்சி, அனுராதபுரம், பாதெனிய, குருநாகல் போய், அங்கால ஹைவேயில ஏறிறது. குருநாகலுக்கும் மீரிகமைக்கும் இடையில இருக்கிற அந்தத் துண்டு 2022 ஜனவரியில திறந்தது. "புத்தளம் றோட் எண்டால் கடற்காத்து, சிலாபத்தில மீன் சாப்பாடு" எண்டு ஒருத்தர் வட்ஸ்அப்பில ஆசை காட்டினவர். அண்ணை ஒரே வரியில முடிச்சார்: "திரும்பி வரேக்க சாப்பிடுங்கோ. வெண்டாலும் தோத்தாலும் பசிக்கும்."

முறிகண்டியில நிக்கிறதுக்கு மட்டும் ஒருத்தரும் வாக்குவாதம் செய்யேல்லை. கிளிநொச்சியில ஏறிக் கொஞ்ச நேரத்தில வந்திடும், நித்திரைகூடத் தொடங்கியிராது. எண்டாலும் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சு, சுடச்சுடக் கச்சான் ஒரு சரை வாங்காமல் தெற்குப் பக்கம் போற வாகனம் எங்கட ஊரில இல்லை. காலமை நாலரைக்குக் கச்சான் கடை திறந்திருக்குமோ எண்டு ஒரு அக்கா கேட்டா. அண்ணை அவவை ஒரு பார்வை பாத்தார்.

படுக்கிற இடம்தான் பெரிய தலையிடி. எங்கட ஆக்களுக்குக் கொழும்பில தங்கிறது எண்டால் வெள்ளவத்தை. தமிழ்க் கதை கேக்கும், சைவக்கடை இருக்கும், இராமகிருஷ்ண மிஷன் இருக்குது, 1942இல தொடங்கின தமிழ்ச் சங்கம் இருக்குது, ஆராவது தெரிஞ்ச முகத்தைக் காணலாம். இதுக்குப் பின்னால பழைய பயமும் இருக்குது. 2007 ஜூன் மாதம் ஒரு விடியப்புறம் கொழும்பு லொட்ஜுகளில இருந்த தமிழ்ச் சனத்தைப் பொலிஸ் எழுப்பி, பஸ்ஸில ஏத்தி, வவுனியாவுக்கும் மற்ற இடங்களுக்கும் அனுப்பினது. உயர் நீதிமன்றம் அடுத்த நாள் இடைக்காலத் தடை போட்டது. அந்தப் பஸ்ஸில இருந்த ஒருத்தர் இப்ப எங்கட வானில வாறார். அவருக்கு மெச்சை விட முக்கியம், தான் வெள்ளவத்தையில ஒரு நல்ல றூமில, ஏசி போட்டு, விடியும்வரைக்கும் ஒருத்தரும் கதவு தட்டாமல் படுத்தெழும்பவேணும் எண்டது. அவரே பகிடியாத்தான் சொன்னார். எல்லாரும் சிரிச்சம். றூம் புக் பண்ணேக்க அவருக்குத் தனி றூம் போட்டிருக்கிறன்.

பிள்ளையளுக்கு லொட்ஜ் சரிவராது. மாஸ்டர் ஒரு பள்ளிக்கூட மண்டபம் கேட்டிருக்கிறார். பாய் விரிச்சுப் படுக்கலாம். எனக்கு அதில முழுக்க விருப்பமில்லை. சீமெந்து நிலத்தில படுத்தெழும்பினால் இடுப்பும் தொடையும் இறுகிப்போம். கொழும்பு நுளம்பு வன்னி நுளம்புக்குச் சளைச்சதில்லை; பாயில படுக்கிற பிள்ளை இரவு முழுக்கக் கையாலயும் காலாலயும் ஒரு மெச் விளையாடும். மண்டபம்தான் எண்டால் மெல்லிய மெத்தை வாடகைக்கு எடுக்கவேணும், நுளம்பு வலையோ சுருளோ வேணும், மின்விசிறி வேலை செய்யுதோ எண்டு ஆரும் போய்ப் பாக்கவேணும். கக்கூஸ் எத்தினை எண்டும் பாக்கவேணும். பதினெட்டுப் பெடியளுக்கு ஒரு கக்கூஸ் எண்டால் காலமை மெச்சுக்கு முன்னம் அங்கயே ஒரு நொக்கவுட் நடக்கும். கொழும்பில வேலை செய்யிற எங்கட பழைய மாணவர் ஒருத்தரை இதுக்கெண்டு அனுப்பியிருக்கிறன். அவர் படம் எடுத்து அனுப்பினவர். மண்டபத்தின்ர படம் வடிவா இருக்குது. கக்கூஸின்ர படத்தை இன்னும் அனுப்பேல்லை.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாச் சொல்லவேணும், ஏனெண்டால் இதில அம்மாமார் ஒரு பக்கம், மாஸ்டர் மறுபக்கம். மாஸ்டரின்ர சட்டம்: மெச்சுக்கு முதல்நாள் இரவு சோறு, பருப்பு, மீன் இல்லாட்டி முட்டை. கொத்து கூடாது, பொரியல் கூடாது, கடைச் சாப்பாட்டில உறைப்புக் கூடாது. காலமை மெச்சுக்கு மூண்டு மணித்தியாலத்துக்கு முன்னம் இடியப்பம், சொதி, ரண்டு வாழைப்பழம். புட்டு வேண்டாம், வயித்துக்க கல்லு மாதிரிக் கிடக்கும். அம்மாமார் இதைக் கேட்டு மண்டையை ஆட்டினவை. ஆனா ஒவ்வொரு பையுக்கையும் என்ன போகப்போகுது எண்டு எனக்குத் தெரியும். பயத்தம் பணியாரம், எள்ளுப்பாகு, புழுக்கொடியல், ஒரு போத்தில் நல்லெண்ணெய் வேற. ஒரு அம்மா நேரிலயே கேட்டா, "மாஸ்டர், நான் வாறன், அடுப்பும் கொண்டுவாறன், இடியப்பம் அவிச்சுத் தாறன், கடையில ஏன் காசைக் குடுப்பான்?" மாஸ்டர் யோசிச்சுப் பாத்து ஓம் எண்டிட்டார். இப்ப எங்கட வானுக்க ஒரு காஸ் அடுப்பும் இடியப்பத் தட்டுகளும் ஏறுது. அந்த அம்மா கொழும்புக்குப் போறது இதுதான் முதல்தரம்.

கிரவுண்டுக்கு வருவம். றேஸ்கோர்ஸ் எண்டு சொல்லுகினம். கடைசி நேரம் சுகததாசவுக்கோ கொம்பனித்தெரு சிற்றி லீக்குக்கோ மாறினாலும் மாறும். அதால மூண்டு இடத்துக்கும் போற வழியைச் சாரதி அண்ணைக்குச் சொல்லி வச்சிருக்கிறன். றேஸ்கோர்ஸ் கொழும்பு 7இல, சுதந்திர சதுக்கத்துக்குப் பக்கத்தில. 1893இல குதிரைப் பந்தயத்துக்கெண்டு திறந்த இடம். ரண்டாம் உலகப்போரில வெள்ளைக்காரன் அதை விமான ஓடுபாதையா மாத்தினவன். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அண்டைக்கு ஜப்பான்காரன் கொழும்புக்குக் குண்டுபோட வரேக்க, அவனை மறிக்க ஹரிக்கேன் விமானங்கள் இந்தக் குதிரை ஓடின தரையில இருந்தும் எழும்பினது. இப்ப அதில றக்பி, புட்போல். பழைய பார்வையாளர் மேடைக்குக் கீழ கடையள், கோப்பிக் கடையள். நான் இதை எங்கட பெடியளுக்குச் சொன்னன். ஒருத்தன் கேட்டான், "சேர், கிபிர் மாதிரியோ?" எங்களுக்கு மேல குண்டுபோட்ட கிபிர் விமானத்தை அவன் கண்டதில்லை, தாய் தேப்பன் சொல்லக் கேட்டதுதான். ஒருவிதத்தில நல்லது.

தரையைப் பற்றித்தான் மாஸ்டருக்கும் எனக்கும் உண்மையான கவலை. சோளகம் வீசிற மாதத்தில எங்கட பக்கம் ஒரு சொட்டு மழை இருக்காது. கிரவுண்ட் காஞ்சு, புல்லுக் கருகி, பந்து தரையில பட்டால் தலைக்கு மேல குத்தி எழும்பும், புழுதி மூக்குக்க போகும். அதே மாதங்களில கொழும்புக்குத் தென்மேல் பருவ மழை. புல்லு ஈரம், பந்து வழுக்கிக்கொண்டு போகும், எழும்பாது. எங்கட பிள்ளை நெஞ்சளவுக்கு வருமெண்டு நிக்க, பந்து காலுக்கு அடியால போயிடும். பூட்ஸும் அப்பிடித்தான். எங்கட கல்லுத் தரையில ஓடி ஓடிக் கட்டை தேஞ்சு மொட்டையாப்போன பூட்ஸை ஈரப் புல்லில போட்டால் திரும்பேக்க விழவேண்டியதுதான். கோப்பையையும் ரீசேட்டையும் விட்டுப்போட்டு, கட்டை நீளமான பூட்ஸ் வாங்கித் தாங்கோ எண்டு வெளிநாட்டுக்காரருக்கு ஒரு குரல்பதிவு அனுப்பியிருக்கிறன். இதில பேர் அடிக்கலாம், அடிப்பக்கத்தில. மெச்சுக்கு ரண்டு கிழமைக்கு முன்னம் இருந்து பின்னேரம் பின்னேரம் தண்ணி பவுசர் கூப்பிட்டுக் கிரவுண்டின்ர ஒரு மூலையை நனைச்சு அதில விளையாட விடுவம் எண்டு மாஸ்டர் சொன்னார். தண்ணிக்குக் கஷ்டப்படுற மாதத்தில புல்லுக்குத் தண்ணி ஊத்தினால் ஊர் என்ன சொல்லும் எண்டு யோசிச்சம். பிறகு பக்கத்து வயல்காரர் தன்ர தண்ணிப் பம்பைத் தாறன் எண்டார். அவற்ற மகன் ஸ்ரைக்கர்.

பைல் ஒண்டும் இருக்குது. வயசு எல்லைப் போட்டி எண்டால் பிறப்புச் சான்றிதழ் வேணும். மாஸ்டர் எல்லாற்றையும் பிளாஸ்ரிக் கவருக்க போட்டு அடுக்கேக்க நானும் இருந்தன். இந்தப் பிள்ளையள் 2009, 2010இல பிறந்தவை. எங்கட கோலியின்ர சான்றிதழில பிறந்த இடம் செட்டிகுளம். தாய் அப்ப மெனிக் பாம் முகாமில. அந்த முகாம் 2012 செப்டெம்பரிலதான் மூடுப்பட்டது. பிள்ளை கூடாரத்துக்கு நடுவில நடக்கப் பழகினவன். இப்ப ஆறடிக்கு வளந்து, கோலுக்குள்ள நிண்டால் வலை தெரியாது. மாஸ்டர் அவன்ர சான்றிதழை மட்டும் ரண்டு போட்டோக்கொப்பி எடுத்து வச்சார். மூலம் கிழிஞ்சுபோய் ஒட்டின சான்றிதழ். வெளி இடத்தில ஆரும் சந்தேகப்பட்டுக் கேட்டால் காட்டவேணும் எண்டு. உயரத்தைப் பாத்து "இவனுக்குப் பதினெட்டு" எண்டு எதிரணி முறைப்பாடு குடுக்கிறது வழக்கமாம்.

அமெரிக்காவில, மிச்சிகனில இருக்கிற என்ர சித்தப்பாவின்ர மகனுக்கு இந்த விசயத்தைச் சொன்னன். அவன் விழுந்து விழுந்து சிரிச்சான். அங்க கல்லூரிப் பெடியளின்ர மெச் எண்டால் ஆன் ஆபர் எண்ட ஊரில இருக்கிற ஸ்ரேடியத்தில ஒரு லட்சத்து ஏழாயிரம் பேருக்கு மேல இருக்கலாமாம். ஊரின்ர சனத்தொகையே ஒரு லட்சத்து இருபதாயிரம் சொச்சம்தான். அது காலால விளையாடுற புட்போல் இல்லை, கையால தூக்கிக்கொண்டு ஓடுறது, அதை விடுவம். வெளியூர்க்காரர் முதல்நாளே வந்து இறங்கி, கார் பார்க்கில அடுப்பு மூட்டி, இறைச்சி வாட்டிச் சாப்பிட்டு, பிறகுதான் உள்ளுக்க போவினமாம். றூம் எல்லாம் மாசக்கணக்கா முன்னமே முடிஞ்சிடுமாம். "நீங்களும் அப்பிடிச் செய்யுங்கோவன் அண்ணா" எண்டான். சுதந்திர சதுக்கத்தில அடுப்பு மூட்டினால் மெச்சுக்கு முன்னம் நாங்கள் எங்கை இருப்பம் எண்டு அவனுக்குச் சொன்னன். ஆனா அவன் சொன்னதில ஒண்டு பிடிச்சுது. அங்க வாற ஆக்களுக்கு மெச் மூண்டு மணித்தியாலச் சொச்சம்தான், ஆனா பயணம் ரண்டு நாள். ஊர் பாத்து, சாப்பிட்டு, பழைய சிநேகிதரைக் கண்டு, பிறகு மெச். எங்கட யாழ்ப்பாணத்திலயும் அப்பிடி ஒண்டு இருக்குதுதான். 1904இல தொடங்கின சென்றல் - சென் ஜோன்ஸ் கிரிக்கெட் மெச், வடக்கின் பெரும் போர், வந்தால் பழைய மாணவர் லண்டனில இருந்தும் கனடாவில இருந்தும் லீவு போட்டு வருவினம். வன்னிப் பள்ளிக்கூடங்களுக்கு அப்பிடி ஒரு நாள் இன்னும் அமையேல்லை. நூறு வருசம் ஒரே இடத்தில இருந்த பள்ளிக்கூடத்துக்குத்தான் அது வரும். எங்கடதுகள் மரத்துக்குக் கீழயும் ஓலைக் கொட்டிலிலயும் ஊர் ஊரா இடம்பெயர்ந்து நடந்ததுகள்.

அதால நானும் பயணத்தை ரண்டு நாள் ஆக்கிப்போட்டன். முதல்நாள் பின்னேரம் பிள்ளையளுக்கு அரை மணித்தியாலம் கிரவுண்டில நடக்க அனுமதி கேட்டிருக்கிறம். விளையாட இல்லை, சும்மா நடக்க; புல்லை மிதிச்சுப் பாக்க, கோல்கம்பத்தைத் தொட்டுப் பாக்க. பிறகு எல்லாருமா வெள்ளவத்தைக் கடற்கரை. அங்க றெயில் பாதை கடலை ஒட்டித்தான் போகுது. றெயின் வந்தால் ஒரு பக்கம் அலை, மறுபக்கம் சனம். அணியில இருக்கிற முல்லைத்தீவுப் பிள்ளையளுக்குக் கடல் புதிசில்லை. ஆனா அவை பாத்த கடலில சூரியன் எழும்பும், இதில விழும். "அதில என்ன கிடக்கு?" எண்டு மாஸ்டர் கேட்டார். ஒண்டும் இல்லைத்தான். ஒண்டும் இல்லாத விசயத்துக்குக் கொழும்பில நிண்டு பாக்கட்டுமே. ஏழு மணிக்கு முன்னம் கூட்டிக்கொண்டு வரவேணும், எட்டுக்குச் சாப்பாடு, ஒன்பதரைக்குப் போன் எல்லாத்தையும் மாஸ்டர் வாங்கிப் பையுக்க போடுவார். இந்தக் கடைசி விசயத்துக்குத்தான் பெடியளிட்ட இருந்து எதிர்ப்பு.

இன்னும் தீராத விசயம் சத்தம். கொழும்புப் பள்ளிக்கூடம் எண்டால் பப்பரா பாண்ட் கொண்டுவரும். ட்ரம்பெற் ஊதத் தொடங்கினால் எங்கட பதினாலு பேரின்ர சத்தம் ஆருக்குக் கேக்கும்? பறை கொண்டுபோவம் எண்டு ஒரு கட்சி. வாசல்ல மறிப்பாங்கள் எண்டு இன்னொரு கட்சி. இடியப்பம் அவிக்க வாற அம்மா சொன்னா, "ஒண்டும் வேண்டாம், நான் கத்திறன், கிரவுண்டின்ர அந்தத் தொங்கலுக்குக் கேக்கும்." கோலியின்ர தாய் அவதான். நம்பலாம்.

கொழும்பில இருக்கிற எங்கட பக்கத்து ஆக்கள் இதை வாசிச்சால் ஒரு உதவி. திகதி உறுதியான உடன போடுறன். வேலைநாளாத்தான் இருக்கும், அரை நாள் லீவு கேட்டுப் பாருங்கோ. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளை, எங்க இருந்தாலும் ஓட்டோ பிடிச்சு வரலாம். எங்கட ரீசேட் பச்சை. பச்சை இல்லாட்டிப் பரவாயில்லை, எதிரணியின்ர நிறத்தை மட்டும் போட்டுக்கொண்டு வராதேங்கோ. குடை கொண்டுவாங்கோ. வரேக்க சிங்களம் வடிவாக் கதைக்கத் தெரிஞ்ச ஒராளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. றெபறியோட வாய்காட்ட வேண்டி வந்தால் எங்கட வானில அதுக்கு ஆள் இல்லை.